வழக்கறிஞர் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இழந்த தொகை சிறியது, அதற்காக வழக்குப் போட்டால் வழக்கறிஞர் கட்டணம் அதையும் தாண்டிவிடும், ஆகவே விட்டுவிடுவதா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தை எடுத்து இந்த இதழில் ஒருசேரப் பதில் எழுதுகிறேன். சில நாடுகளில் சிறு தொகை வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. நம் நாட்டில், காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெற்று ஏமாந்தவருக்கு அந்த வேலையைச் செய்து தருவது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். புகார் மனு எழுத வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் உட்கார்ந்து உதவி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த வழக்குகளில் பெரும்பாலானவை ஆணையத்தின் படியேறுவதற்கு முன்பே, வீட்டு மேசையில் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கும்போதே, ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன.

*

கேள்வி: ஓய்வு பெற்ற ஊழியன் நான். சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 38,500 ரூபாய்க்கு பிரிட்ஜ் வாங்கினேன். நான்காம் மாதமே குளிர்ச்சி நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் மூன்று முறை வந்து கேஸ் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம்தான் ஓடியது. கடைக்காரர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார், நிறுவனம் கடைக்காரரைக் கேளுங்கள் என்கிறது. வழக்கறிஞர் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஆங்கிலமும் சரளமாக வராது. நானே வழக்குப் போட முடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. புகார்தாரர் தாமே மனு எழுதி, தாமே தாக்கல் செய்து, தாமே வாதாடலாம். உங்களால் அலைய முடியாவிட்டால், வழக்கறிஞர் அல்லாத ஒருவரை, உதாரணமாக உங்கள் மகளை, எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். அப்படிப்பட்ட பிரதிநிதி ஆணையங்களில் முன்னிலையாகும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்திருக்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். நம் மாநில மாவட்ட ஆணையங்களில் தமிழ் மனுக்கள் ஏற்கப்படுகின்றன.

பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம் என்பது 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதி. கட்டணமும் கொடுத்த தொகையைப் பொறுத்ததே. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது; 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். உங்கள் பிரிட்ஜுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். செலவெல்லாம் நகல் எடுப்பதும், நோட்டரி கையெழுத்தும், தபாலும், பேருந்துக் கட்டணமும்தான்.

காலக்கெடுவில் கவனமாக இருங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் நிறுவனம் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுத்தடித்ததையே காரணமாகக் காட்டி, அது ஏற்கப்படாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கட்டும், நாட்காட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மனுவுக்கு முன் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் இது இல்லாமல் மனு எழுத நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏனென்றால், அதற்கு வரும் பதிலோ வராத பதிலோ உங்கள் முதல் நல்ல சான்றாகிறது. ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில் எந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன பழுது, எந்தெந்தத் தேதியில் புகார் செய்தீர்கள், இப்போது என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் கொடுப்பது நியாயமானது. கடைக்கும் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் தெரியும் பட்டுவாடா விவரத்தின் அச்சையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மனு. இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோபத்தோடு உட்கார்ந்து எழுதும் முதல் வரைவு அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறது: "எதிர்தரப்பினர் ஈவிரக்கமின்றி என்னை அலைக்கழித்து, என் முதுமையையும் பொருட்படுத்தாமல்..." அந்தக் கோபம் நியாயமானது, எழுதியவரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் படிக்கும் ஆணையத்துக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே செய்தியை, "சேவைப் பொறியாளர் முதல்முறை வந்து கேஸ் ஏற்றினார், பன்னிரண்டு நாள் கழித்துக் குளிர்ச்சி மீண்டும் நின்றது, மறுநாள் நான் பதிவு செய்த புகாரின் எண் இது, அந்த வருகையின் ஜாப் ஷீட் சான்றாவணம் ஏ3" என்று ஒவ்வொன்றுக்கும் உரிய தேதியோடு எழுதினால், எதிர்தரப்பினர் மறுக்க வேண்டியது உங்கள் வருத்தத்தை அல்ல, தங்கள் ஊழியரே கையெழுத்திட்ட தாளை. அது அவர்களுக்குக் கடினம்.

ஆகவே முதலில் மனுவை எழுதாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் அதைக் காட்டும் காகிதம் என்று மூன்று பத்திகளாக ஒரு பட்டியல் போடுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள்தாம் உங்கள் வழக்கின் பலவீனமான இடங்கள். தொலைபேசியில் மட்டும் சொன்ன புகார் இருந்தால், அதைக் குறிப்பிட்டு இன்றே ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள்: "இன்ன தேதியில் உங்கள் சேவை எண்ணில் பேசியபோது இவ்வாறு சொன்னீர்கள்." மறுத்து எழுதாவிட்டால் அதுவும் ஒரு சான்று. இந்தப் பட்டியல் முடிந்ததும், ஒவ்வொரு வரியையும் எண்ணிட்ட ஒரு பத்தியாக விரித்து எழுதினால் மனுவின் முக்கால் பங்கு ஆயிற்று. பட்டியலையே "நாள் விவரம்" என்ற தலைப்பில் மனுவின் முன்பக்கத்தில் சேர்த்துவிடலாம்; அன்றாடம் பல கோப்புகளைப் பார்க்கும் ஆணையத்தார் முதலில் படிப்பது அதைத்தான்.

எஞ்சியவற்றில் முதலாவது, யார் யார்மேல் வழக்கு என்பது. கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம், சேவை மையம் தனி நிறுவனமாக இருந்தால் அது, ஆகிய எல்லோரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், தவறெல்லாம் அங்கே இல்லாத அவருடையதுதான் என்று மற்றவர்கள் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அடுத்து, இந்த ஆணையத்துக்கு ஏன் அதிகாரம் உண்டு என்பதற்கு ஒரு பத்தி: நீங்கள் வசிக்கும் இடம், கொடுத்த தொகை, இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்வது. அதன் பின், நடந்தது சட்டத்தின்படி என்ன என்பது: பொருளில் குறைபாடு, சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற மூன்றில் உங்களுக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தின்படி முதல் இரண்டும் பொருந்துகின்றன. கடைசியில், என்ன வேண்டும் என்ற கோரிக்கை. கடையில் விற்பதற்காகவோ வணிகப் பயன்பாட்டுக்காகவோ வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், வீட்டு உபயோகத்துக்கு வாங்கினேன் என்ற ஒரு வரியையும் விடாமல் எழுதுங்கள். சுயதொழிலால் பிழைப்பவர் அந்தத் தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தையற்காரர் வாங்கிய தையல் இயந்திரம் அப்படிப்பட்டது.

மனுவில் சொன்னவை உண்மை என்று உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். ஆவணங்களுக்கு ஏ1, ஏ2 என்று வரிசையாக எண்ணிடுங்கள். எதிர்தரப்பினரின் ஆவணங்கள் பி வரிசையில் வரும். எத்தனை நகல் தர வேண்டும் என்பதை ஆணையத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம். நேரில் போக வேண்டாமென்றால் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 2020இல் வந்த இ-தாக்கில் தளத்தின் பணிகள் இப்போது இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் நடக்கின்றன.

பில் பற்றி ஒரு வார்த்தை, என் சொந்த இழப்பிலிருந்து. நான் முதன்முதலில் எனக்காகப் போட நினைத்த வழக்கு ஒரு மிக்ஸி தொடர்பானது. ஒன்றரை ஆண்டு பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்துப் பார்த்தபோது அது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. கடைகளின் சிறு இயந்திரங்களில் வரும் தாள் வெப்பத்தால் அச்சாவது, அந்த எழுத்து காலப்போக்கில் மறைந்துவிடும். கடைக்காரர் நகல் தரவில்லை, வழக்கும் பிறக்கவில்லை. எந்தப் பில் கைக்கு வந்தாலும் அன்றே படம் எடுத்து, நகலும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் வழக்கில் இன்னும் ஒரு முன்னெச்சரிக்கை. பழுது தயாரிப்பிலேயே உள்ளதா, நீங்கள் பயன்படுத்திய விதத்தால் வந்ததா என்பதுதான் எதிர்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். பரிசோதிக்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரிடும். மூன்று ஜாப் ஷீட்டுகளிலும் "கேஸ் கசிவு" என்றே எழுதியிருந்தால் அது உங்களுக்குப் பெரும் பலம். அனுபவமுள்ள வேறொரு பழுதுபார்ப்பவரை அழைத்து, திறந்து பார்க்காமலேயே சொல்லக்கூடியதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை பிரிட்ஜை விற்கவோ வெளியாளிடம் பழுது நீக்கவோ வேண்டாம்.

*

கேள்வி: டிராவல்ஸ் நிறுவனம் ஒன்று கடைசி நேரத்தில் பயணத்தை ரத்து செய்துவிட்டு 26,000 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கிறது. மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்கலாம் என்று நண்பர் சொல்கிறார். கேட்டால்தானே பாதியாவது கிடைக்கும்?
- வாசகி, ஈரோடு

பதில்: நண்பரின் கணக்கு சந்தைக் கணக்கு. ஆணையம் பேரம் பேசும் இடமன்று. முந்தைய சட்டத்தில், கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்தே எந்த ஆணையம் என்பது தீர்மானமானது. இப்போது நீங்கள் கொடுத்த தொகை மட்டுமே கணக்கு என்பதால், பத்து லட்சம் கேட்டாலும் கட்டணம் கூடாது, ஆணையம் மாறாது. ஆனால் 26,000 ரூபாய்ப் பயணத்துக்குப் பத்து லட்சம் கேட்கும் மனு, மற்ற பத்திகளிலும் மிகைப்படுத்தல் இருக்குமோ என்ற ஐயத்தைப் படிப்பவரிடம் எழுப்பிவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

தொகையைத் தலைப்புகளாகப் பிரியுங்கள். திருப்பித் தர வேண்டிய 26,000, அதற்குப் பணம் கட்டிய நாள் முதல் வட்டி (6 முதல் 9 சதவீதம் வரை ஆணையங்கள் தருவது வழக்கம்), கடைசி நேரத்தில் வேறு பயணச்சீட்டு வாங்கியிருந்தால் அதன் கூடுதல் செலவு ரசீதோடு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு ரசீது கிடையாது. ஆனால் காரணம் உண்டு: நீங்கள் போகவிருந்தது உங்கள் தாயாரின் சிகிச்சைக்கா, மகனின் நேர்முகத் தேர்வுக்கா, வெறும் சுற்றுலாவா என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள். அந்த இரண்டு வரிகள் பல நேரங்களில் "சொல்லொணா வேதனை" என்ற சொல்லைவிட அதிகம் பெற்றுத் தருகின்றன.

*

கேள்வி: இணையத்தில் வாங்கிய போன் பழைய போன் என்று தெரியவந்தது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார். வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்று செயலியின் நிபந்தனைகளில் இருக்கிறதாம். நான் தூத்துக்குடியில் இருந்துகொண்டு என்ன செய்வது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: தூத்துக்குடியிலேயே வழக்குப் போடுங்கள். புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் நமக்குத் தந்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று. நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைப் பட்டியலால் சட்டம் தந்த அந்த உரிமையைப் பறித்துவிட முடியாது. தகராறை நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருக்கிறது.

அதற்கு முன், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள்; அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் அவர்கள் தலையிட்டதுமே பணம் திரும்பி வந்த வழக்குகளை நான் அறிவேன். அதுவும் நடக்காவிட்டால் விற்றவர், செயலி நிறுவனம் இரண்டையும் சேர்த்து மனு.

செயலியில் உள்ள ஆர்டர் விவரம், விற்பனை விளம்பரம், உரையாடல் எல்லாவற்றையும் உடனே அச்செடுங்கள். விளம்பரம் நாளைக்கே மாறிவிடலாம். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக்குவதற்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அந்தப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. ஆணையத்தின் விசாரணை சுருக்கமானது, நீதிமன்றம்போல அத்தனை கறாராக இராது என்றாலும், அந்தச் சான்றிதழை இணைத்துவிட்டால் எதிர்தரப்புக்கு ஒரு வாதம் குறையும். போனையும் பெட்டியையும் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டையும் அப்படியே வைத்திருங்கள்.

*

கேள்வி: மனுவை எழுதித் தாக்கலும் செய்துவிட்டேன். இப்போதுதான் பயம் வருகிறது. எதிர்தரப்பில் பெரிய நிறுவனம், அவர்களுக்குப் பெரிய வழக்கறிஞர் வருவார். அங்கே போய் நின்று என்ன பேசுவது? எத்தனை வாய்தா போக வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மனு எழுதும் தைரியம் இருந்தவருக்கு இந்தப் பயம் அதிக நாள் தங்காது. முதலில் ஒரு யோசனை: உங்கள் தேதிக்கு முன்பாக ஒருநாள் அந்த ஆணையத்துக்குப் போய், பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெயர் அழைக்கிறார்கள், ஒருவர் எழுந்து நிற்கிறார், இரண்டு நிமிடம் பேசுகிறார், அடுத்த தேதி எழுதப்படுகிறது. திரைப்படத்தில் வரும் குறுக்கு விசாரணையும் மேசையைத் தட்டுதலும் அங்கே இல்லை. இந்த ஒரு மணி நேரம் எத்தனை அறிவுரையாலும் வராத தெளிவைத் தந்ததாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி வரிசை. மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் நிராகரிக்க முடியாது. ஏற்கப்பட்டால் எதிர்தரப்புக்கு அறிவிப்பு போகும். அவர்கள் 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று முந்தைய சட்டத்திலும் இருந்த இதே விதியைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே அறிவிப்பு அவர்களுக்குக் கிடைத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டி எதிருரையோடு வந்தால், "ஐயா, 45 நாள் முடிந்துவிட்டது, ஆட்சேபிக்கிறேன்" என்று எழுந்து சொல்லும் ஒரே வாக்கியம் வழக்கின் போக்கையே மாற்றிவிடலாம்.

எதிருரையின் நகல் உங்களுக்கு வரும். அதைப் படிக்கும்போது மனம் கொதிக்கும், ஏனெனில் "புகார்தாரர் சுத்தமான கரங்களோடு வரவில்லை", "பணம் பறிக்கும் நோக்கம்" என்றெல்லாம் அச்சுப்போல ஒரே வாசகங்கள் எல்லா எதிருரைகளிலும் இருக்கும். உங்களைக் குறித்து யாரோ யோசித்து எழுதியவை அல்ல அவை. அவற்றைத் தாண்டிப் போய், உண்மைகளைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அவர்கள் மறுக்காமல் விட்ட பத்திகளைத் தனியே குறியுங்கள். அவை உங்களுக்குச் சாதகம். பின்னர் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்வது உங்கள் முறை. மனுவில் சொன்னதையே உறுதிமொழியின்பேரில் ஆவண எண்களோடு மறுபடி சொல்வதுதான் அது. பெரும்பாலும் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருக்காது. விசாரணை காகிதங்களின் வழியாகவே நடக்கிறது. இறுதியில் வாதம். எழுத்துப்பூர்வமான வாதத்தை இரண்டு அல்லது மூன்று பக்கத்தில் தயார் செய்து கொடுத்துவிட்டு, வாயால் ஐந்து நிமிடம் பேசினால் போதும்: என்ன நடந்தது, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது, அவர்கள் சொல்லும் காரணம் ஏன் பொருந்தாது, என்ன வேண்டும். பக்க எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். எதிர் வழக்கறிஞர் பேசும்போது குறுக்கிடாமல் குறிப்பெடுங்கள்.

எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஓராண்டு, அதற்கு மேலும் ஆகிறது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எதிர்தரப்பு காரணமில்லாமல் வாய்தா கேட்டால், உங்கள் பயணச் செலவைக் குறிப்பிட்டுச் செலவுத்தொகையோடு மட்டுமே அவகாசம் தரும்படி கேளுங்கள். தூரம் அதிகமானால் காணொலி வழியாக முன்னிலையாக அனுமதி கேட்டு மனுக் கொடுக்கலாம்.

நீங்கள் மட்டும் எந்தத் தேதியையும் தவறவிடாதீர்கள். புகார்தாரர் வராமையால் வழக்கு தள்ளுபடியானால், அதை மீட்டெடுக்க அதே மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின்கீழ் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாநில ஆணையம் வரை போக வேண்டியிருக்கும். உடல்நலம் இல்லையென்றால் யாரிடமாவது கடிதம் கொடுத்தனுப்புங்கள்.

இடையில் சமரசப் பேச்சு வரலாம். இரு தரப்பும் எழுத்துமூலம் சம்மதித்தால் ஆணையமே வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும். அங்கே முடிவானது எழுதிக் கையெழுத்தாகி ஆணையத்தின் உத்தரவாக வெளிவரும். அதற்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது வாசலில் நடக்கும் சமரசத்தை: "வழக்கை வாபஸ் வாங்குங்கள், அடுத்த வாரம் பணம் வந்துவிடும்" என்று சொல்வதை நம்பிக் கையெழுத்திட்டு, பணமும் இல்லாமல் வழக்கும் இல்லாமல் நின்றவர்களுக்கு என்னால் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது.

*

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 80,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். இரண்டரை ஆண்டாகிறது, ஒரு பைசாகூடத் திரும்பவில்லை. இதையும் நுகர்வோர் ஆணையத்தில் போடலாமா? இன்னொன்று: என் அண்ணன் போட்ட நுகர்வோர் வழக்கில் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்து நான்கு மாதமாகியும் நிறுவனம் பணம் தரவில்லை. அவர் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, விருதுநகர்

பதில்: கைமாற்றுக் கடன் நுகர்வோர் வழக்கு ஆகாது, நீங்கள் அவரிடமிருந்து பொருளோ சேவையோ விலைக்குப் பெறவில்லை. இது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது, அவசரமானதும்கூட. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு அது எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலக்கெடு. உங்களுக்கு ஆறு மாதமே மீதி. அவர் சிறு தொகையாவது கொடுத்து, அதை நோட்டின் பின்புறம் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக ஒரு மனுக் கொடுத்தால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. உடன்படாவிட்டால் காலக்கெடு முடியுமுன் உரிமையியல் வழக்கு. அதிலும் நீங்களே முன்னிலையாகலாம். ஆனால் அங்கே நடைமுறை கடினமானது. நீங்கள் பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இங்கே அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படியே சொல்வேன். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அண்ணனுக்கு: மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் தொகை தரும்படி உத்தரவிடப்பட்ட நிறுவனம் அதில் பாதியை முன்வைப்பாகக் கட்டினால்தான் அந்த மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்படும். நான்கு மாதத்தில் அப்படி ஒன்றும் வரவில்லையென்றால், உத்தரவு போட்ட அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்யட்டும். வழக்கை மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை. உத்தரவின் சான்றிட்ட நகலும், இன்றைய தேதி வரை வட்டியோடு கணக்கிட்ட தொகையும் போதும். சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி அந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப்போலச் சொத்தை ஜப்தி செய்தும் நிறைவேற்றலாம்; 72ஆம் பிரிவின்படி, உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத, ஒரு லட்சம் வரையிலான அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 72ஆம் பிரிவு மனுவில் அறிவிப்பு போனதுமே காசோலையோடு வருகிறவர்கள் உண்டு.

உத்தரவில் எதிர்தரப்பினர் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், தொலைவில் உள்ள நிறுவனத்தை விட்டுவிட்டு, உள்ளூர்க் கடையிடமிருந்தே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். இனி மனு எழுதுவோர் கோரிக்கைப் பத்தியில் இந்தச் சொற்களை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் தருவதாக யாராவது வந்தால், தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற குறிப்பில் அண்ணன் கையெழுத்திட வேண்டும்.